வீட்டு கிட்டீயிலிருந்து கிளவுட் சர்வருக்கு: ஒரே வேலை தெரிந்த சாவி

கோத்தகிரியில் என் வீட்டு அலமாரியில் ஒரு பழைய லேப்டாப் கிட்டீயை (Gitea: நிரலையும் அதன் மாற்றங்களின் வரலாற்றையும் சேமித்துவைக்கும் மென்பொருள்) ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதன் சின்னமே ஒரு டீ கப்தான். தேயிலை ஊரில் வேறு எதை வைத்துக்கொள்வது? நான் எழுதும் நிரல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. சிறு விவசாயிகள் தினமும் கொடுக்கும் பச்சை இலையின் எடையைக் குறித்துவைக்கும் ஆப் மட்டும் கிளவுடில், வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. மழைக்காலக் காற்றில் ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தால் வீட்டில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இலை அதுவரை காத்திருக்காது.

சரி, மாற்றிய நிரலைக் கிட்டீக்கு அனுப்பியதும் (இதற்குப் பெயர் புஷ்) அது தானாக சர்வருக்கும் போய்ச் சேர, இரண்டையும் எப்படி இணைப்பது? கிளவுட் சர்வரே வந்து வீட்டிலிருந்து நிரலை எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டும். வேண்டாம். பலருக்கு அது முடியவும் முடியாது: ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை இன்னும் பல வீடுகளோடு பகிர்ந்துகொள்கிறீர்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் எஸ்எஸ்ஹெச் (தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இணைப்பே போதும்.

படி 1: ரன்னர்

கிட்டீயில் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். பிறகு ரெப்போவின் (ஆப்பின் நிரல் இருக்கும் களஞ்சியம்) செட்டிங்ஸில் ஆக்‌ஷன்ஸ் பகுதிக்குப் போய், ரன்னருக்கான (கிட்டீ சொல்லும் வேலைகளைத் தானாகச் செய்யும் நிரல்) டோக்கனை வாங்கி, ஆக்ட் ரன்னரை வீட்டிலேயே பதிவு செய்யுங்கள். அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் பதிவு செய்வது நல்லது.

படி 2: சாவி

இங்கேதான் நிதானம் வேண்டும். கிளவுட் சர்வரில் 'டெப்ளாய்' என்று ஒரு புதுப் பயனரை உருவாக்குங்கள். அவருக்கு ரூட் (முழு நிர்வாகி) உரிமை கூடாது. ஆப்பை ரீஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் சூடோ (நிர்வாகியாக ஓட்டும்) அனுமதி கொடுங்கள். கடவுச்சொல் வைத்து எஸ்எஸ்ஹெச்சில் நுழைவதையும் அணைத்துவிடுங்கள்.

எஸ்எஸ்ஹெச்-கீஜென் மூலம் இடி25519 வகையில் ஒரு புதுச் சாவி ஜோடி (சர்வருக்குப் பொதுச்சாவி, ரன்னருக்குத் தனிச்சாவி) செய்யுங்கள். ரன்னர் தானாகப் பயன்படுத்தப் போவதால் பாஸ்ஃபிரேஸ் காலியாக இருக்கட்டும். நீங்கள் தினமும் புழங்கும் சாவியை இதற்குக் கொடுக்காதீர்கள். பொதுச்சாவியை டெப்ளாய் பயனரின் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலில் ஒட்டும்போது, அதே வரியின் தொடக்கத்தில் இரண்டு சொற்களைச் சேருங்கள். ஒன்று ரெஸ்ட்ரிக்ட்: ஓப்பன் எஸ்எஸ்ஹெச் 7.2 பதிப்பில், 2016-இல் வந்தது. போர்ட் ஃபார்வர்டிங், டெர்மினல் எல்லாவற்றையும் ஒரே அடியில் மூடிவிடும். இன்னொன்று கமாண்ட்: அதில் உங்கள் டெப்ளாய் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். இனி அந்தச் சாவியோடு வருபவர் என்ன கட்டளை கொடுத்தாலும் ஓடப்போவது அந்த ஸ்கிரிப்ட் மட்டுமே. சாவி திருடு போனாலும், திருடியவரால் ஆப்பின் நிரலைத்தான் மாற்ற முடியும். அதுவே பெரிய தொல்லைதான், ஆனால் மொத்த சர்வரும் போவதைவிடத் தேவலை.

தனிச்சாவியை ரெப்போ செட்டிங்ஸில் சீக்ரெட்டாக (ரன்னருக்குக் கொடுக்கும் மறைவான மதிப்பு) சேர்த்துவிட்டு, கடைசியில் சொல்லும் சோதனை முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். நான் முதல் தடவை அதை ரெப்போவுக்குள்ளேயே போட்டு புஷ் செய்தவன். அப்புறம் நீக்கினாலும் கிட்டின் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. சாவியையே மாற்ற வேண்டியதாயிற்று.

படி 3: எதிரில் இருப்பது யார்?

ரன்னர் முதல்முறை இணையும்போது 'இந்த சர்வரைத் தெரியாது' என்று நின்றுவிடும். உடனே ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்கை அணைக்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறையக் கிடைக்கும். கேட்காதீர்கள், நடுவில் வேறொருவர் நின்றாலும் தெரியாமல் போய்விடும். கிளவுட் நிறுவனத்தின் கன்சோல் வழியாக சர்வருக்குள் போய் அதன் பொதுச்சாவியை எடுத்து, நோன் ஹோஸ்ட்ஸ் (தெரிந்த சர்வர்களின் பட்டியல்) வரியாக இன்னொரு சீக்ரெட்டில் வையுங்கள்.

படி 4: ஒர்க்ஃப்ளோவும் ஸ்கிரிப்டும்

மெயின் கிளைக்கு புஷ் வந்தால் மட்டும் ஓடும்படி ஒர்க்ஃப்ளோவை (ரன்னருக்கான வேலைப் பட்டியல்) எழுதுங்கள். அது செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கிட் ஆர்க்கைவ் மூலம் நிரலைத் தார்-ஜீஜிப்பாக (எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கிய ஒரே ஃபைல்) கட்டி, எஸ்எஸ்ஹெச் குழாயில் அனுப்புவது. மறுமுனையில் ஸ்கிரிப்ட் அதை ஒரு புது ஃபோல்டரில் பிரித்து, சிம்லிங்கை (ஆப்பின் ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) அதற்குத் திருப்பி, ஆப்பை ரீஸ்டார்ட் செய்யும்.

வெறும் தார் போதாதா என்று கேட்கலாம். அனுப்பும்போது பாதியில் கரண்ட் போனால், அறுந்த தார் சில நேரம் சத்தமில்லாமல் பிரிந்துவிடும். ஜீஜிப் என்றால் முடிவு வரவில்லை என்று பிழை காட்டும். பிழை வந்தால் அங்கேயே நிற்கும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள். சிம்லிங்க் பழைய ஃபோல்டரிலேயே இருக்கும், ஆப்பும் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. அழிப்பதற்கு முன் தனிச்சாவியை வைத்து, எஸ்எஸ்ஹெச்சுக்கு 'மைனஸ் என்' (உள்ளீடு எதுவும் அனுப்பாதே என்பது) சேர்த்து, சர்வரில் எல்எஸ் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஃபோல்டர் பட்டியல் வரக்கூடாது, ஜீஜிப் பிழைதான் வர வேண்டும். பட்டியல் வந்தால், ரெஸ்ட்ரிக்ட், கமாண்ட் இரண்டும் சாவியின் வரியில் இல்லாமல் மேல் வரியில் உட்கார்ந்திருக்கும். ஒரே வரிக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள்.