4கேவா 8கேவா என்று கேட்கும் முன்...

திரை வாங்கப் போனால் எத்தனை பிக்சல் என்றுதான் முதலில் பார்க்கிறோம், எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம் என்று யோசிப்பதே இல்லை. பெரிய தவறே அதுதான். கண் பார்ப்பது கோணக் கணக்கில். சாதாரணப் பார்வை (6/6) உள்ளவரால் ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும், ஆக ஒரு டிகிரிக்குள் 60 பிக்சல் அடங்கிவிட்டால் புள்ளிகள் தனியாகத் தெரியாது.

2010-இல் ஐபோன் 4-இன் திரைக்கு ஆப்பிள் 'ரெட்டினா' (விழித்திரை) என்று பெயர் வைத்ததும் இதே கணக்கில்தான். அங்குலத்துக்கு 326 பிக்சல், கையில் பிடிக்கும் தூரம் பத்துப் பன்னிரண்டு அங்குலம். அதே 326-ஐ டிவியில் தேடாதீர்கள். 3438-ஐ அங்குலத்துக்கு எத்தனை பிக்சலோ அதால் வகுத்தால், எத்தனை அங்குலம் தள்ளிப் போனால் புள்ளி மறையும் என்று வந்துவிடும். 27 அங்குல 4கே மானிட்டருக்கு (163 பிக்சல்) 21 அங்குலம். 55 அங்குல 4கே டிவிக்கு (80 பிக்சல்) 43 அங்குலம், மூன்றரை அடி சொச்சம். பத்தடி தள்ளி உட்காருபவருக்கு அதே அளவில் 8கே எதற்கு?

சரி, 60-தான் உச்சம் என்று நினைத்துவிடுவதும் தப்பு. அதைவிடக் கூர்மையாகப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அப்புறம், ஒரு கோடு லேசாக விலகியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதில் கண் இன்னும் பல மடங்கு கெட்டி, அதனால்தான் புள்ளி தெரியாத திரையில்கூடச் சாய்ந்த கோட்டின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி தெரியும்.

ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிப் புள்ளிகள் இருக்கும். பல ஓஎல்இடி போன் திரைகளில் பச்சைப் புள்ளிகள் முழுசாக இருக்கும், சிவப்பும் நீலமும் பாதிதான். நீலத்தில் நுணுக்கமான விவரத்தைக் கண் அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பதால் இந்தச் சிக்கனம் செல்லுபடியாகிறது. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அதே பிக்சல் எண் உள்ள, மூன்று நிறமும் முழுசாக இருக்கும் எல்சிடியோடு அப்படியே ஒப்பிட்டுவிடாதீர்கள்.

டிவியைக் கணினிக்கு மானிட்டராக மாட்டுபவர்கள் கவனிக்க: வீடியோவில் நிற விவரத்தைக் கால்வாசியாகக் குறைத்தாலும் கண் ஏமாந்துவிடும், வண்ண எழுத்தில் ஏமாறாது, ஓரம் கசங்கித் தெரியும். திரையைக் குறை சொல்வதற்கு முன் செட்டிங்கில் 4:4:4 (நிற விவரத்தைக் குறைக்காமல் முழுசாக அனுப்பும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள்.