வீட்டளவில் மொட்டுக் காளானுக்குக் கம்போஸ்ட் தயாரிக்கும் முறை

காளான் வளர்க்க விரும்புகிறவர் தம் காளானுக்குக் கம்போஸ்ட், அதாவது வைக்கோலும் எருவும் மக்கிய படுக்கை, வேண்டுமா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்பிக் காளானுக்கும் பால் காளானுக்கும் அது வேண்டாம். வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நீரை வடித்து ஆறவிட்டு, காளான் வித்தை (காளான் இழை படர்ந்த தானியத்தை) இட்டால் போதும். கடைகளில் வெள்ளைப் பொத்தான்போல விற்கும் மொட்டுக் காளான்தான் மக்கிய படுக்கையைக் கேட்கும். அதன் இழைகள் பரவ 22 முதல் 25 டிகிரி வெப்பமும், மொட்டு எழுந்து திரள 14 முதல் 18 டிகிரி வெப்பமும் வேண்டும் என்பதால், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இது வீட்டிலேயே கைகூடும். சமவெளியில் இருப்பவர்கள் குளிரூட்டிய அறை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களுக்குப் பால் காளான் இருக்கிறது.

தோட்டத்து உரக்குழியில் நாம் செய்யும் மக்கு உரத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. உரக்குழியில் எல்லாம் மக்கி மண்ணாகும்வரை காத்திருக்கிறோம். காளானுக்கான கம்போஸ்டையோ பாதி வழியில் நிறுத்த வேண்டும். வைக்கோலில் எளிதில் கரையும் சர்க்கரைச் சத்துகளைச் சூடு விரும்பும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருக்க வேண்டும். ஆனால் நார்ச்சத்து அப்படியே மிஞ்சியிருக்க வேண்டும். சர்க்கரை மிஞ்சினால் பச்சைப் பூஞ்சை முந்திக்கொள்ளும். நாரும் போய்விட்டால் காளானுக்கு உணவில்லை. எருவிலிருந்தும் யூரியாவிலிருந்தும் கிளம்பும் அமோனியாவை அந்த நுண்ணுயிர்கள் தம் உடம்பில் புரதமாகச் சேர்த்துக்கொள்கின்றன. பிறகு அவற்றையே காளான் உண்கிறது. பாகு காய்ச்சுகிறவர் கடிகாரத்தைப் பார்த்து இறக்குவதில்லை, கம்பிப் பதம் பார்த்துத்தான் இறக்குவார். இதற்கும் பதம்தான் கணக்கு; கீழே சொல்லும் நாட்கள் ஒரு வழிகாட்டல் மட்டுமே.

அளவைக் குறைத்துச் செய்து பார்க்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் முறை இருபது கிலோ வைக்கோலை ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் அடைத்து வைத்தேன். வெப்பம் 45 டிகிரியைத் தாண்டவே இல்லை, மூன்று வாரத்தில் புளித்த நாற்றமும் பச்சைப் பூஞ்சையும்தான் மிஞ்சின. குவியல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு கன மீட்டருக்குக் குறையாத பருமன் வேண்டும். ஆகவே நூறு கிலோ உலர்ந்த வைக்கோலை மிகச் சிறிய அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ கம்போஸ்ட் வரும். தனியாக அவ்வளவு வேண்டாம் என்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டாரைச் சேர்த்துக்கொள்வது நல்லது, குவியலைப் புரட்டவும் ஆள் கிடைக்கும்.

நெல் வைக்கோல் நூறு கிலோ, காய்ந்த கோழி எரு நாற்பது கிலோ, கோதுமைத் தவிடு பத்துக் கிலோ, யூரியா ஒன்றேகால் கிலோ, ஜிப்சம் பத்துக் கிலோ ஆகியவை தேவை. வைக்கோல் அந்த ஆண்டு அறுவடையாக, மழையில் நனையாத பொன்னிறமாக இருக்க வேண்டும். கறுத்த வைக்கோலில் சத்தும் போயிருக்கும், வேண்டாத பூஞ்சையும் குடியேறியிருக்கும். கோழி எருவில் மண்ணோ கல்லோ கலந்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் கலவையின் உலர் எடையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1.5 முதல் 1.75 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த அளவுகள். அதை இப்படிப் பார்க்கலாம்: ஈரத்தைக் கழித்தால் வைக்கோல் 90 கிலோ, அதில் தழைச்சத்து 0.6 சதவீதம் என்றால் 0.54 கிலோ, எரு 36 கிலோ, 2.6 சதவீதம் என்றால் 0.94 கிலோ, தவிடு 9 கிலோ, 2.2 சதவீதம் என்றால் 0.20 கிலோ, யூரியாவில் 46 சதவீதம் என்பதால் 0.57 கிலோ. ஆக மொத்தம் 136 கிலோ உலர் பொருளில் 2.25 கிலோ தழைச்சத்து, அதாவது 1.65 சதவீதம். பின்னால் சேரும் ஜிப்சத்தை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் ஒன்றரைக்குக் கீழே போகாது. எரு கிடைக்கும் இடத்தைப் பொறுத்து அதன் சத்து மாறும். உமி நிறையக் கலந்த பண்ணைக் கூளமானால் எருவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். யூரியாவைக் கூட்டாதீர்கள், அதன் அமோனியா கடைசிவரை போகாமல் தொல்லை தரும்.

இடம் சிமெண்ட் தரையாகவும் மேலே தகரக் கூரை உள்ளதாகவும் இருக்க வேண்டும். தரையில் ஒரு பக்கம் சிறு சரிவும், அதன் முடிவில் ஒரு வாளி அமரும் குழியும் இருந்தால், குவியலிலிருந்து வடியும் தேயிலைச் சாய நீரைப் பிடித்துத் திரும்பவும் அதன் மேலேயே தெளிக்கலாம்; சத்து அதில்தான் இருக்கிறது. முதல் வாரம் நாற்றம் கடுமையாக இருக்கும் என்பதால், படுக்கையறைச் சன்னலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தள்ளி இடம் பார்ப்பது அவசியம்.

வைக்கோலை முக்கால் சாண் நீளத்துக்கு நறுக்கித் தரையில் பரப்பி, ஒன்றிரண்டு நாட்களுக்கு இடையிடையே நீர் தெளித்து மிதித்து ஊறவைக்க வேண்டும். நெல் வைக்கோலின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் ஒரே மூச்சில் ஊற்றும் நீர் வழிந்தோடிவிடும். இந்த அளவுக்கு எல்லாம் சேர்ந்து 350 முதல் 400 லிட்டர் நீர் பிடிக்கும். கைப்பிடி வைக்கோலை எடுத்துப் பலமாகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஏழெட்டுச் சொட்டு விழுந்தால் போதுமானது. கோழி எருவையும் தவிட்டையும் யூரியாவையும் தனியே கலந்து, நனைத்து, ஈரச் சாக்கால் ஒரு நாள் மூடி வையுங்கள்.

மறுநாள், அதாவது கணக்கின் தொடக்க நாளில், வைக்கோல் ஓர் அடுக்கு, எருக் கலவை ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, நன்றாகக் கலந்து, நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரத்துக்குக் குவியல் கட்ட வேண்டும். மூன்று பக்கம் பலகை நிறுத்திக் கட்டினால் வடிவம் நிற்கும். ஓரங்களை அழுத்துங்கள், நடுவை அழுத்தாதீர்கள். நெல் வைக்கோல் கோதுமை வைக்கோலைவிட மென்மையானது. தானாகவே அமுங்கி நடுவில் காற்றை அடைத்துவிடும்.

இரண்டாம் நாளே குவியலிலிருந்து ஆவி கிளம்பும். நீண்ட தண்டுள்ள வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள், கையில் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். உள்ளே 70 முதல் 75 டிகிரி வந்தால் குவியல் சரியாக வேலை செய்கிறது. மூன்றாம் நாளும் வெதுவெதுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் நீர் மிகுந்திருக்கும். குவியலைப் பிரித்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

ஆறாம் நாள் முதல் புரட்டல். வேலை முழுவதும் இதில்தான் இருக்கிறது. கை ஓய்ந்து இங்கே ஏமாற்றினால் பின்னால் எதுவும் காப்பாற்றாது. இரும்புக் கவைக்கோலால் குவியலை நேர்க்குத்தாக ஒரு பக்கம் வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு வகை தெரியும். வெளி ஓரத்து அரையடி வைக்கோல் காய்ந்து, மஞ்சள் மாறாமல், குளிர்ந்து கிடக்கும். அதற்குள்ளே சாம்பல் தூவியதுபோல வெண்புள்ளிகள் படர்ந்த ஒரு வளையம் இருக்கும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், வேலை செய்யும் நுண்ணுயிர்களின் கூட்டம்தான் அது. அதற்கும் உள்ளே பழுப்பேறி, ஆவி பறந்து, கண்ணில் நீர் வரவழைக்கும் சூட்டுப் பகுதி. அடி நடுவில் காற்றுப் புகாத இடம் ஈரமாக, பச்சை கலந்த மஞ்சளாக, புளித்த நாற்றத்தோடு இருக்கும். வெளி ஓரத்தையும் அடி நடுவையும் தனித்தனியே எடுத்து வைத்து, உதறி, காற்றாட விட்டு, புதிய குவியலின் நடுவில் அவை வருமாறும் சூட்டுப் பகுதி ஓரத்துக்கு வருமாறும் கட்ட வேண்டும். மொத்தத்தையும் பிரட்டிப் போட்டால் போதும் என்று நினைக்கிறவர்களின் குவியலில் ஓரத்து வைக்கோல் கடைசிவரை ஓரத்திலேயே இருந்துவிடும். புரட்டும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். அமோனியா மட்டுமல்ல, அந்தத் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது.

பத்தாம் நாள் இரண்டாம் புரட்டல், பதின்மூன்றாம் நாள் மூன்றாவது. அந்த மூன்றாவதில்தான் ஜிப்சத்தைத் தூவிக் கலக்க வேண்டும். அதுவரை கையில் வழவழவென்று ஒட்டிய கலவை, ஜிப்சம் விழுந்ததும் பிசுபிசுப்பு விட்டு உதிரத் தொடங்கும். காற்று உள்ளே போக வழி பிறக்கும். ஜிப்சத்துக்குப் பதில் சுண்ணாம்பு போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, சுண்ணாம்பு காரத்தை ஏற்றி அமோனியாவைத்தான் கிளப்பும். இதற்குப் பிறகு தழைச்சத்துள்ள எதையும் சேர்க்கக் கூடாது. நீரும் காய்ந்த ஓரங்களுக்கு மட்டுமே. பழைய கையேடுகள் சில கடைசிப் புரட்டலில் பூச்சிமருந்து கலக்கச் சொல்கின்றன. நம் வீட்டுக் குழம்பில் விழப்போகும் பொருள் என்பதால் நான் கலப்பதில்லை. ஈ வராமல் இருக்கச் சன்னல் வலையே போதும்.

பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை, 16, 19, 22 என்று புரட்டிக்கொண்டே போக வேண்டும். கோதுமை வைக்கோலுக்கு 28 நாள் கணக்கு. நெல் வைக்கோல் அதற்கு முன்பே பதத்துக்கு வந்துவிடும். நிறம் கருத்த பழுப்பாக, காப்பித் தூளைவிடச் சற்று வெளுப்பாக வந்திருக்கும். ஒரு வைக்கோல் தாளை இரண்டு கையால் இழுத்தால் கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு அறும். இழுத்தவுடன் கூழாகப் போனால் பதம் தாண்டிவிட்டது. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனையும், சொட்டு விழாது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 7.2 முதல் 7.8 வரை காட்டும். எல்லாவற்றிலும் முக்கியம் மணம்: ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அரை மணி நேரம் வெயிலில் வைத்துத் திறந்து முகருங்கள், மழை விழுந்த காட்டுத் தரையின் இனிய மணம் வர வேண்டும், மூக்கைச் சுரீரென்று குத்தக் கூடாது. குத்தினால் ஒரு புரட்டல், வேண்டுமானால் இரண்டு புரட்டல் கூடுதலாகச் செய்யுங்கள். ஒரு முறை வித்துப் பை வீட்டுக்கு வந்துவிட்டதே என்ற அவசரத்தில், லேசாக அமோனியா வீசிய கம்போஸ்டை நிரப்பிவிட்டேன். பத்து நாளில் ஒல்லியான குடைகள் முளைத்து, ஒரே பகலில் கறுத்து மையாக உருகி வழிந்தன; மொட்டுக் காளான் ஒன்றுகூட வரவில்லை.

இவ்வளவோடு நேரே வித்திடலாம். வீட்டளவில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால், சுவரும் கதவும் நன்றாக அடைபடும் ஒரு சிறு அறையில் தட்டுகளில் அடுக்கி, நீராவி விட்டுக் கம்போஸ்டை 58 முதல் 60 டிகிரியில் ஆறு மணி நேரம் நிறுத்தி, பிறகு 45 முதல் 50 டிகிரியில் அமோனியா அறவே போகும்வரை சில நாட்கள் வைக்கலாம். குக்கரிலோ கொதிநீரிலோ வேகவைக்க மட்டும் கூடாது. மூன்று வாரம் பாடுபட்டு வளர்த்த நல்ல நுண்ணுயிர்கள் எல்லாம் அதில் செத்துப்போய், படுக்கை முதலில் வருகிற பூஞ்சைக்குத் திறந்த வீடாகிவிடும்.

கம்போஸ்ட் 25 டிகிரிக்கு ஆறிய பின், பத்துக் கிலோ பைக்கு 60 முதல் 75 கிராம் காளான் வித்தைக் கழுவிய கையால் உதிர்த்துக் கலந்து, லேசாக அழுத்தி, மேலே செய்தித்தாள் போட்டு மூடி, தாளை மட்டும் ஈரமாக வைத்திருங்கள். நான்கைந்து நாளில் ஒவ்வொரு வித்துத் தானியத்தைச் சுற்றியும் பஞ்சுபோன்ற வெள்ளை இழை தெரிய வேண்டும். இரண்டு வாரத்தில் பை முழுவதும் வெளுத்ததும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல்மண் (படுக்கையின் மேல் மூடும் மண் அடுக்கு) இட்டு, அறையைக் குளிர்ச்சிக்குக் கொண்டுவரலாம். நூறு கிலோ கம்போஸ்டுக்குப் பத்துக் கிலோ காளான் கிடைத்தால் வீட்டளவில் அது நல்ல விளைச்சல். அறுவடை முடிந்த படுக்கையை மழையில் சில மாதம் போட்டு உப்பு வடியவிட்டால் கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் எருவாகும்.