வாசிப்பில் இல்லாத பிழை: பியானோப் பதிவு பகிர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரோல் பயிற்சி தொடங்கும் காலம் வந்துவிட்டால் மட்டக்களப்புப் பக்கம் பியானோவும் கீபோர்டும் இருக்கிற வீடுகளில் பதிவும் தொடங்கிவிடும். புளியந்தீவு, கல்லடி, கல்லாறு, அக்கரைப்பற்று என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, வாசித்ததை ஃபோனில் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். பக்கத்தில் ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய துணை. ஆனால் புதிதாகச் சேர்கிறவர்கள், முன்னால் வந்தவர்கள் விழுந்த அதே குழியில்தான் ஆண்டுதோறும் விழுகிறார்கள்.

ஃபேனை நிறுத்துவது, நாயைக் கட்டுவது, யன்னலைச் சாத்துவது எல்லாம் ஒருவரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

ஃபோனைப் பியானோவின் மேலேயே வைப்பது

டிஜிட்டல் பியானோவில் இசைத்தாள் தாங்கியில் ஃபோனைச் சாய்த்து வைத்தால், ஸ்பீக்கரில் வரும் இசையைவிட விசைகள் அடியில் மோதும் ‘தட் தட்’ சத்தம்தான் முந்திக்கொண்டு பதியும். வாசிக்கிறவருக்கு அது கேட்பதில்லை, அவருடைய காது இசையில் இருக்கும். கேட்கிறவருக்கோ யாரோ மேசையில் தாளம் போடுவது போல இருக்கும்.

மரப் பியானோவின் மூடியில் வைத்தால் அதிர்வு நேரே ஃபோனுக்குள் இறங்கி, கீழ்ச் சுரங்களில் ஒரு முனகலாகப் பதியும். பியானோவிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் தள்ளி, இருக்கிறவரின் காது உயரத்தில், தனியான ஸ்டாண்டிலோ ஒரு கதிரையில் அடுக்கிய புத்தகங்களின் மேலோ வையுங்கள். நிமிர்ந்த பியானோவின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தால் 10–15 சென்ரிமீற்றர் முன்னால் இழுத்துவிடுங்கள். தைல் பதித்த வெறும் அறையில் எதிரொலி கூடுதலாக வரும். பியானோவுக்கு அடியில் ஒரு தடித்த பாய், எதிர்ச் சுவரில் திரைச்சீலை, உடுப்பு நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து வைப்பது ஆகிய மூன்றிலேயே பாதி எதிரொலி அடங்கிவிடும்.

ஃபோன் தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதைக் கவனிக்காமல் விடுவது

அதிகம் எழுத வேண்டியது இதைப் பற்றித்தான். மற்றத் தவறுகள் பதிவைக் கெடுக்கும். இது வாசிக்கிற கையையே கெடுத்துவிடும். இத்தனை பேருக்கு இத்தனை முறை சொல்லியும் தீராத தவறு என்பதால் மனம் இன்னும் ஆறவில்லை.

ஃபோனின் மைக் முதலில் பேச்சுக்காகச் சீர்செய்யப்பட்டது. ஆள் தள்ளி நின்று முணுமுணுத்தாலும் கிட்ட வந்து கத்தினாலும் மறுமுனையில் ஒரே அளவாகக் கேட்க வேண்டும். அதற்காகச் சத்தம் குறையும்போது மட்டத்தை உயர்த்தி, கூடும்போது தாழ்த்தி, நொடிக்கு நொடி அது தானே வேலை செய்துகொண்டிருக்கும். பேச்சுக்கு நல்லது, பியானோவுக்கு நஞ்சு. பியானோ என்ற பெயரே ‘பியானோஃபோர்ட்டே’ என்பதன் சுருக்கம். மெதுவாகவும் உரப்பாகவும் வாசிக்கக்கூடியது என்பதே அதன் பொருள். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் ஃபோன் அழித்துவிடுகிறது.

தொடக்கநிலையில் எல்லோரும் ஆசைப்பட்டு வாசிக்கிற ‘ஃபியூர் எலீஸ்’ஸை எடுங்கள். பீத்தோவன் 1810இல் எழுதியது, அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து 1867இல்தான் அச்சில் வந்தது. அதன் தொடக்கத்தில் ‘பியானிசிமோ’ என்று போட்டிருக்கிறது, மிக மெதுவான சத்தத்தில் என்று அர்த்தம். ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப் என்று விரல்நுனியால் தொட்டுத் தொட்டு வர வேண்டிய இடம். அதை ஒரு பிள்ளை சரியாகவே, மெதுவாகவே வாசிக்கிறாள். சத்தம் காணாது என்று ஃபோன் மட்டத்தை மேலே தூக்குகிறது. நடுவில் உரத்து வரும் பகுதியில் அதே ஃபோன் மட்டத்தைக் கீழே இறக்குகிறது. கேட்கிறவர் காதுக்கு முழுவதும் ஒரே உயரம். தெருவில் வரும் பாண் ஆட்டோவிலும் இதே மெட்டு ஏற்ற இறக்கம் இல்லாமல்தான் ஒலிக்கும், அவள் வாசித்தது அந்த மாதிரியே ஆகிவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் சேதம். “வடிவா வாசிக்கிறீங்க தங்கச்சி, ஆனா ஏத்த இறக்கம் காணாது” என்று ஒரு அண்ணன் எழுதுவார். “மகள், உரக்க வாசிக்கிற இடத்தில இன்னும் உரம் வேணும்” என்று தேவாலயத்தில் ஓகன் வாசிக்கும் ஐயா எழுதுவார். இருவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், தங்கள் காதில் விழுந்ததைத்தான் சொல்கிறார்கள். பிள்ளை அதை நம்பி விசைகளைக் குத்தத் தொடங்குகிறாள். தோள் மேலே ஏறுகிறது, மணிக்கட்டு இறுகுகிறது. விசை கிட்டத்தட்ட 10 மில்லிமீற்றர் இறங்கும். அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் விடுபட்டுத் தந்தியை நோக்கிப் போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் ஒரு சொட்டும் கூடாது, முன்கைதான் நோகும். இவ்வளவு பாடுபட்டுத் திரும்பப் பதிவுசெய்தால், ஃபோன் அந்த உரப்பையும் வெட்டிச் சமப்படுத்தி அனுப்பும். “இன்னும் கொஞ்சம்” என்று பதில் வரும். இப்படியே ஒரு தவணை முழுக்க ஓடிவிடும். கடைசியில் ஒரு மண்டபத்தில், உண்மையான காதுகளுக்கு முன்னால் அவள் இருந்து வாசிக்கும்போது ‘பியானிசிமோ’ கையிலேயே இல்லை. இருந்த ஒன்றைத் தொலைக்க வைத்தது, கையில் ஒருநாளும் இருந்திராத பிழைக்குச் சொன்ன திருத்தம்.

உங்கள் ஃபோன் இதைச் செய்கிறதா என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். பதிவைத் தொடங்கி ஐந்து நொடி சும்மா இருங்கள். நடு சி விசையை நொடிக்கொன்றாக நாலு தரம் மெதுவாகத் தொடுங்கள். உடனே இரண்டு கையாலும் சி மேஜர் கோர்ட்டை (சி, ஈ, ஜி மூன்றும் ஒன்றாக) உங்களால் முடிந்தவரை உரத்து ஒரே ஒருமுறை அடித்து விட்டுவிடுங்கள். தாமதிக்காமல் மறுபடியும் அதே நடு சி, அதே மெதுவில், நாலு தரம். பிறகு பத்து நொடி மௌனம். இந்த ஒரு முறை மட்டும் ஃபேன் ஓடட்டும். அதன் இரைச்சல்தான் சாட்சி.

இப்போது இயர்ஃபோன் போட்டுக் கேளுங்கள். கோர்ட்டுக்குப் பிந்திய முதல் சி மிகவும் ஒடுங்கி, நாலாவது சி வரும்போது மெல்ல மெல்லப் பருத்தால் ஃபோன் தலையிடுகிறது. கடைசி மௌனத்தில் ஃபேன் இரைச்சல் அலைபோல எழும்பி வந்தாலும் அதுதான். நீட்டிப் பிடித்த சுரத்தை வைத்தும் பார்க்கலாம். பியானோவில் ஒரு சுரம் அடித்த கணத்திலிருந்து தேய்ந்துகொண்டே போக வேண்டும். பதிவில் அது ஓகன் மாதிரி நின்று ஒலித்தால், அல்லது பாதியில் கத்தரித்தது போல நின்றுவிட்டால், மட்டத்தை உயர்த்தும் வசதியோ இரைச்சல் நீக்கும் வசதியோ உள்ளே வேலை செய்கிறது. இரைச்சல் நீக்கிக்குத் தேயும் சுரமும் ஃபேன் சத்தமும் ஒன்றுதான்.

மாற்று வழி கடினமில்லை. ஃபோனோடு வந்த கமெராவையும் குரல் பதிவியையும் விட்டுவிட்டு, உள்ளீட்டு மட்டத்தைக் கையால் வைக்கக்கூடிய ஒரு பதிவுச் செயலியைப் போடுங்கள். அதன் அமைப்புகளில் ‘ஓட்டோ கெயின்’, ‘நொய்ஸ் ரிடக்‌ஷன்’ இரண்டையும் அணையுங்கள். வாசிக்கப்போகும் இசைத்துண்டில் எது ஆக உரத்த இடமோ அதை மட்டும் முதலில் வாசித்து, செயலியின் ஒலி மீற்றர் −6 டெசிபலுக்கு மேல் போகாதபடி மட்டத்தை வையுங்கள். 0ஐத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், கிழிந்ததைப் பிறகு தைக்க முடியாது. வைத்தபின் துண்டு முடியும்வரை அதில் கை வைக்க வேண்டாம். மெதுவான இடங்கள் மெதுவாகத்தான் கேட்கும். அதுதான் வேண்டும். கேட்கிறவர் இயர்ஃபோன் போட்டுக்கொள்ளட்டும். ஃபோன் ஸ்பீக்கரில் இடது கையின் கீழ்ச் சுரங்கள் பாதிக்கு மேல் வராது.

கோப்பை 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் ஆக வைத்தால் நிமிடத்துக்கு 10 எம்பி அளவு. டேட்டா கட்டுப்படி ஆகாவிட்டால் 256 கேபிபிஎஸ் எம்4ஏ போதும், நிமிடத்துக்கு 2 எம்பிக்குள் அடங்கும். எதுவானாலும் வாட்ஸ்அப்பில் ‘டொக்கியூமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள், அனுப்பிய கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

கேட்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. “ஏத்த இறக்கம் காணாது” என்று எழுதுமுன், துண்டின் இடைவெளிகளில் அறையின் இரைச்சல் ஏறி இறங்குகிறதா என்று ஒருமுறை காதுகொடுங்கள். ஏறி இறங்கினால் கையைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். “எப்படிப் பதிவு செய்தீங்க?” என்று கேளுங்கள்.

குரல் செய்தியாக அனுப்புவது

வேண்டாம். அது பேச்சுக்கு.

ஃபோனைச் சார்ஜில் போட்டபடி கேபிளில் எடுப்பது

டிஜிட்டல் பியானோவின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து நேரே பதிவது நல்ல வழி. ஆனால் அந்த வயரை ஃபோனின் இயர்ஃபோன் துளையில் குத்தினால் ஒன்றும் பதியாது. நடுவில் ஸ்டீரியோ உள்ளீடு உள்ள ஒரு யூஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை ஃபோனுக்குள் கொண்டுபோகும் சிறு கருவி) வேண்டும். பியானோவின் 6.35 மில்லிமீற்றர் துளைக்கு ஏற்ற ஸ்டீரியோ பிளக் வாங்குங்கள், மொனோ வாங்கினால் ஒரு பக்கம் போய்விடும். பியானோவின் சத்தத்தைப் பாதிக்குச் சற்று மேலே வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்டால் சார்ஜரைக் கழற்றுங்கள். 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் சார்ஜர் வழியாக உள்ளே வந்து பாடுகிறது.

மிடி கோப்பை ஒலி என்று நினைப்பது

டிஜிட்டல் பியானோ சேமித்துத் தரும் மிடி கோப்பில் ஒலியே இல்லை. எந்த விசை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற குறிப்பு மட்டும்தான்.

பிழையில்லாத ஒன்று வரும்வரை விடாமல் எடுப்பது

மூன்று முறை எடுங்கள். நல்லதைத் தெரிந்துகொண்டு எழும்பிவிடுங்கள். நாலாவதிலிருந்து மனம் இசையில் இருக்காது, போன தடவை சறுக்கிய பாரை (தாளக் கட்டத்தை) காத்துக்கொண்டிருக்கும். அந்த இடம் கிட்ட வர வர வேகம் கூடி, அதற்கு இரண்டு பார் முன்னால் புதிதாக ஒரு பிழை முளைக்கும். இருபது முறை எடுத்தால் அந்தச் சறுக்கலைக் கைக்கு இருபது முறை பழக்கியதாகிவிடும். மூன்றிலும் ஒரே இடம் சறுக்கினால் அந்த நாலு பாரை மட்டும் பாதி வேகத்தில் பயிற்சி செய்துவிட்டு நாளைக்கு எடுங்கள்.

வெட்டி ஒட்டுவதும் வேண்டாம். பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையான ஏபிஆர்எஸ்எம் 2020இல் தொடங்கிய பெர்ஃபோமன்ஸ் கிரேட் பரீட்சையில் நாலு துண்டுகளையும் ஒரே தொடர் வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் 30, முழு வாசிப்புக்கும் சேர்த்து இன்னொரு 30, மொத்தம் 150. சித்திக்கு 100. சறுக்கிய பிறகும் நிற்காமல் போகிற பழக்கம் இல்லாத பிள்ளைக்கு அந்தத் தொடர் வீடியோ பெரிய சோதனை.

‘சூப்பர்’ என்று மட்டும் எழுதுவது

அன்பாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதை வைத்து அடுத்த நாள் என்ன பயிற்சி செய்வது? இரண்டு முறை கேளுங்கள். நிமிடமும் நொடியும் போட்டு நன்றாக வந்த ஓர் இடத்தையும் பார்க்க வேண்டிய ஓர் இடத்தையும் எழுதுங்கள், இரண்டே போதும். “0:42இல் இடது கை அசையாம நிண்டது, கேக்க நல்லா இருந்தது. 1:10இல் கோர்ட் மாறின பிறகும் பழைய பெடல் கிடக்குது. புதுக் கோர்ட்டை அடிக்கிற அதே கணத்தில காலைத் தூக்கி, அடிச்ச உடன திரும்ப மிதிச்சுப் பாருங்க.” இதை வாசித்ததும் அந்தப் பிள்ளை போய்ப் பியானோவில் இருப்பாள்.

கேட்காத திருத்தத்தைக் கொட்டவும் வேண்டாம். ஐம்பது வயதில் தொடங்கிய ஓர் அக்கா, தனக்குப் பிடித்த கீதத்தை வாசித்து அனுப்புகிறார் என்றால் அவருக்கு வேண்டியது கேட்கிற காது மட்டும்தான். பதிவோடு ஒரு வரி எழுதி அனுப்பும் பழக்கத்தை எல்லோரும் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது: ‘பெடலை மட்டும் பாருங்க’, அல்லது ‘சும்மா கேளுங்க’.

சுருதிக்கு வாசிப்பவரைக் குறை சொல்வது

வறண்ட கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மரப் பியானோவின் ஒலிப்பலகை உலர்ந்து சுருங்கும், சுருதி இறங்கும். மாரி தொடங்கியதும் அதே பலகை ஈரம் குடித்து ஊதித் தந்திகளை இழுக்கும், சுருதி ஏறும். நடுக்கட்டைகளில் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரியும், ஓரங்களில் குறைவு. அதனால் முழுப் பியானோவும் ஒரே மாதிரி விலகாமல் தனக்குள்ளேயே முரண்படும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற வீடுகளில் இதைத் தடுக்க வழியில்லை. நடு ஏ 440 ஹேர்ட்ஸில் நிற்கிறதா என்று டியூனர் செயலியில் பார்த்து, விலகியிருந்தால் பதிவோடு அதையும் சொல்லிவிடுங்கள். சுருதி கூட்ட ஆள் கூப்பிடுவதென்றால் பருவம் மாறுகிற நேரத்தில் வேண்டாம். மழை தொடங்கிச் சில வாரம் போய், பலகை ஒரு நிலைக்கு வந்த பிறகு கூப்பிடுங்கள்.

குளுத்திக் காலத்தில் பின்னேரம் எடுப்பது

வைகாசியில் குளுத்திச் சடங்கு நடக்கும் கண்ணகி அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கு எந்த யன்னலும் தடையில்லை. விடியற்காலை எடுங்கள்.

கடைசிச் சுரம் ஓயுமுன் கையை நீட்டுவது

பாதிப் பதிவுகள் கதிரை கிரீச்சிடும் சத்தத்தோடுதான் முடிகின்றன. கடைசிக் கோர்ட்டைப் பிடித்தபடியே இருங்கள், பெடலை மெல்ல விடுங்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பிறகு எழும்பிப் போய் நிறுத்துங்கள்.