பழைய சாமான் பட்டியலை மீட்பது எப்படி? டெர்மினலில் தமிழ்க் குறியாக்கம்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்காகப் பெரியப்பாவின் பழைய கணினியிலிருந்து சாமான் பட்டியலை எடுத்தோம். பித்தளை அண்டா, கொட்டான் என்று வர வேண்டிய இடத்தில் எடிட்டர் ஐரோப்பிய எழுத்துகளைக் காட்டியது; கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலிலோ வெறும் கேள்விக்குறிகள். கோப்பு கெடவில்லை. எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) எழுதினார்களோ, அதில் நாம் படிக்கவில்லை.

முதலில் ஒரு நகல் எடுங்கள். பிறகு டெர்மினலின் மொழி, குறியாக்க அமைப்பைக் காட்டும் 'லொகேல்' கட்டளையைக் கொடுங்கள். பதிலில் யூனிகோடு எழுத்துகளுக்கான குறியாக்கமான யூடிஎஃப்-8 இருக்க வேண்டும். தமிழை அறியாத அடிப்படை அமைப்பான 'சி' அல்லது 'போசிக்ஸ்' என்றிருந்தால் அதை மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

அடுத்து, கோப்பின் குறியாக்கத்தை ஊகித்துச் சொல்லும் 'ஃபைல் -ஐ' கட்டளை. யூடிஎஃப்-8 என்று வந்தால் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளுக்கான குறியாக்கமான ஆஸ்கி என்று வந்து, திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதற்கு எழுத்துரு மாற்றி வேண்டும். 'அறியாத 8 பிட்' என்றால் பழைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியாக இருக்கலாம். எங்கள் பட்டியல் அப்படித்தான் இருந்தது.

லினக்ஸின் குறியாக்கம் மாற்றும் கட்டளையான 'ஐகான்வ்' டிஸ்கியை அறியும். '-எஃப்' என்பதற்குப் பின் டிஸ்கி, '-டி' என்பதற்குப் பின் யூடிஎஃப்-8, பிறகு கோப்பின் பெயர். விடையைப் புதிய பெயருக்கே அனுப்புங்கள். அதே பெயருக்குத் திருப்பினால், ஐகான்வ் படிப்பதற்கு முன்பே, நம் கட்டளைகளை இயக்கும் ஷெல் கோப்பைக் காலியாக்கிவிடும்.

லொகேலின் வேலையைக் கண்ணால் பார்க்க, 'செட்டிநாடு' என்ற சொல்லை, குறியீடுகளை எண்ணும் 'டபிள்யூசி -எம்' கட்டளைக்கு வரிமுறிவு இல்லாமல் அனுப்புங்கள். நமக்கு 5 எழுத்து. யூடிஎஃப்-8 லொகேலில் விடை 10, ஏனெனில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். 'சி' லொகேலில் 30. ஒவ்வொரு குறியீடும் 3 பைட்.

என்னை அதிக நேரம் அலைக்கழித்தது தேடல்தான். அக்கா அனுப்பிய திருத்தப் பட்டியலில் 'கொட்டான்' கண்ணெதிரே இருந்தது. சொல்லைத் தேடும் 'கிரெப்' கட்டளை இல்லை என்றது. 'கொ' என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. கிரெப்புக்கு வேறு வேறு. யூனிகோடு கருவிகள் அடங்கிய ஐசியூ தொகுப்பிலுள்ள 'யூகான்வ்' கருவியில் '-எக்ஸ் எனி-என்எஃப்சி' கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வரும். தேடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக, வரிகளை வரிசைப்படுத்தும் 'சார்ட்'. 'சி' லொகேலில் 'பழம்' முதலில், 'பவழம்' பிறகு வரும், ஏனெனில் யூனிகோடு அட்டவணையில் வகரத்துக்கு முன்னால் ழகரம் நிற்கிறது. நம் அகராதி வரிசை ய ர ல வ ழ ள. இந்தியத் தமிழ் லொகேலை நிறுவி, 'எல்சி_ஆல்' மாறியில் அதைக் குறித்து மறுபடி அடுக்குங்கள். பவழம் முன்னால் வந்துவிடும்.