சோலைவரி கூடிவிட்டதா? அறிவித்தல் கையில் கிடைத்த நாளிலிருந்து செய்ய வேண்டியவை

ஹட்டன், நாவலப்பிட்டி, பண்டாரவளை, நுவரெலியா என்று எந்த மலையக டவுனை எடுத்தாலும் பழைய தெருக்களில் வயதானவர்கள் நிறையப் பேர் தனியாக இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் முதலாளி, தோட்டத்தில் வேலை செய்து கிடைத்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசைப் போட்டு டவுன் ஓரத்தில் ஏழெட்டு பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டியவர். பென்ஷன்காரருக்காவது மாதாமாதம் ஏதோ வரும். ஈபிஎஃப் எடுத்தவருக்கு அந்தக் காசு ஒரே தடவைதான், அதுவும் சுவரிலும் கூரையிலும் போய்விட்டது. பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ புதிதாக மதிப்பீடு செய்து, வீட்டுக்கு அது அறவிடும் சோலைவரி ஏறியதும் "வித்துட்டு மகன்கிட்ட போயிருவோம்" என்ற பேச்சு அப்படித்தான் தொடங்குகிறது. அந்த முடிவுக்குப் போவதற்கு முன்னால் சட்டப்படி செய்யக்கூடிய வேலை இருக்கிறது. வீட்டில் ஒருவர் இதை வாசித்துவிட்டு, அம்மா அப்பாவோடு உட்கார்ந்து சேர்ந்து செய்யுங்கள்.

படி 1: வந்திருப்பது எந்தக் காகிதம்?

சபையிலிருந்து இரண்டு விதமான காகிதம் வரும். ஒன்று, வழமையாக வரும் வரிச் சீட்டு, கட்ட வேண்டிய தொகை அதில் இருக்கும். மற்றது மதிப்பீட்டு அறிவித்தல். உங்கள் வீட்டின் வருடாந்தப் பெறுமதி இவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். எதிர்ப்புத் தெரிவிக்க முடிவது இந்த இரண்டாவது காகிதத்துக்குத்தான். மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவித்தல் கையளிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நகர சபை, பிரதேச சபை என்றால் காகிதத்தில் கடைசித் திகதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

நிறைய வீடுகளில் இந்தக் காகிதம் கலண்டருக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்புறம் ஜனவரியில் பெரிய தொகை வந்ததும் காசு கட்டும் இடத்தில் போய்ச் சண்டை பிடிக்கிறார்கள். அங்கே காசு வாங்கும் பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது, எதிர்ப்புக்கான காலம் அதற்குள் முடிந்திருக்கும். ஆகவே காகிதம் கிடைத்த நாளை அதன் மேலேயே பேனையால் எழுதி, உறையையும் சேர்த்து வையுங்கள். சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழிதான், கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

படி 2: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

வருடாந்தப் பெறுமதியைச் சபை விதித்த வீதத்தால் பெருக்கினால் வரி. உதாரணத்துக்கு, பெறுமதி 60,000 ரூபா, வீதம் 8% என்றால் வருடத்துக்கு 4,800, காலாண்டுக்கு 1,200. புது மதிப்பீட்டில் பெறுமதி 150,000 ஆனால், வீதம் மாறாமலேயே வரி 12,000 ஆகிவிடும். மதிப்பீடு வழக்கமாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. சபை அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தால், சேர்ந்து போன ஏற்றம் முழுவதும் ஒரே அடியாக வந்து விழும்.

இந்த வருடாந்தப் பெறுமதி காணியின் விலையைக் குறிப்பதில்லை. ஒரு வாடகைக்காரர் அந்த வீட்டுக்கு வருடத்துக்கு நியாயமாகக் கொடுக்கக்கூடிய வாடகை எவ்வளவோ, அதைத்தான் சட்டம் கேட்கிறது. "பக்கத்துக் காணி என்ன விலைக்குப் போச்சு தெரியுமா" என்று பேசிப் பிரயோசனமில்லை. உங்கள் வீட்டை இன்றைக்கு வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று பேசுங்கள். நுவரெலியாவில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் சீசனில் ஒரு இரவுக்குச் சுற்றுலாப் பயணி கொடுக்கும் காசை வைத்து மழையிலும் பனியிலும் கிடக்கும் மற்ற மாதங்களை அளப்பது நியாயமே இல்லை.

படி 3: விபரங்களில் பிழை தேடுங்கள்

வரி இலக்கம், பெயர், எத்தனை மாடி, கட்டடத்தின் அளவு, குடியிருப்பா வியாபாரமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசி விபரத்தை இரண்டு தடவை பாருங்கள். வியாபாரக் கட்டடத்துக்குச் சபை வேறு, கூடிய வீதம் வைத்திருக்கலாம். முன்னறையில் ஒரு காலத்தில் கடை நடத்தி, மூடிப் பல வருடமாகியும் பதிவில் கடை என்றே இருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள். இடிந்து விழுந்த பின்பக்கக் குசினி இன்னும் அளவில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: ஆதாரம் சேர்ப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், பிள்ளைகளின் கைபேசி உதவும் இடமும் இதுதான். ஒழுகும் தகரக் கூரை, வெடித்த சுவர், வாகனம் போகாத படிக்கட்டுப் பாதை, தண்ணீர் வராத குழாய் எல்லாவற்றையும் படம் எடுங்கள். நூறு படி ஏறிப் போகும் வீட்டுக்கும் மெயின் ரோட்டு வீட்டுக்கும் ஒரே வாடகை யாரும் கொடுக்கமாட்டார்கள். மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கையோ கடிதமோ தந்திருந்தால் அதன் பிரதி கட்டாயம் வேண்டும், அது வாடகையை நேரடியாகக் குறைக்கும் விஷயம். அதே தெருவில் வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளின் வாடகை ஒப்பந்தப் பிரதி கிடைத்தால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

உங்கள் வீட்டை எந்த அடிப்படையில் மதிப்பிட்டார்கள் என்று சபையிடமே கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கொடுத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவே அவர்களுக்கு 14 வேலை நாள் இருக்கிறது, ஆகவே அறிவித்தல் வந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பதில் வரும்வரை எதிர்ப்புக் கடிதத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

படி 5: கடிதம்

அழகாக எழுத வேண்டியதில்லை. இப்படி இருந்தால் சரி:

"ஐயா/அம்மணி, மேற்படி வரி இலக்கமுடைய வீட்டுக்கு வருடாந்தப் பெறுமதி ரூ. ........ எனக் குறிப்பிட்ட அறிவித்தல் ........ அன்று எனக்குக் கிடைத்தது. இந்த மதிப்பீட்டுக்கு எனது எதிர்ப்பைத் தெரிவிக்கிறேன். வீடு ........ வருடம் பழமையானது, வாகனம் செல்லும் பாதை இல்லை, கூரை பழுதடைந்துள்ளது. அயலில் இதே போன்ற வீடுகளின் மாத வாடகை ரூ. ........ அளவிலேயே உள்ளது. ஆகவே பெறுமதியை ரூ. ........ ஆகக் குறைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணைத் திகதியை எழுத்தில் அறியத்தரவும். எனது வயது ........ என்பதால் எனது மகன்/மகள் என்னுடன் வந்து பேச அனுமதிக்கவும்."

என்ன தொகை நியாயம் என்று நீங்களே ஒரு இலக்கத்தைக் கட்டாயம் எழுதுங்கள். வெறுமனே "கூடிப்போச்சு" என்றால் எதைக் குறைப்பது என்று அவர்களுக்கும் தெரியாது. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள், போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போக வேண்டும். படங்களை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், கைபேசியில் காட்டிவிட்டு வருவது சபையின் கோவையில் (ஃபைலில்) சேராது.

படி 6: இதற்கிடையில் வரியை நிறுத்தாதீர்கள்

கோபத்தில் கட்டாமல் விடுவது வயதானவர்களுக்குத்தான் ஆபத்து. நிலுவை சேர்ந்தால் அதை அறவிடச் சபை எடுக்கும் பிடியாணையின் செலவும் சேரும், சபைக்குச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரமும் இருக்கிறது. எதிர்ப்பைக் கைவிடாமல் கட்டுகிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10% கழிவு, காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் அந்தக் காலாண்டுக்கு 5%. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தைப்பொங்கலுக்கு உடுப்பு வாங்கக் காசு அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்பினால் 12,000 ரூபாவில் 1,200 மிச்சம். பழைய நிலுவை இருந்தால் தவணை முறையில் கட்ட அனுமதி கேட்டு எழுதுங்கள்.

உண்மையிலேயே வருமானம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வறுமையைக் காரணமாக வைத்து வீட்டுக்கு வரிவிலக்குக் கொடுக்கச் சட்டம் சபைக்கு இடம் தருகிறது. கொடுப்பதா இல்லையா என்பது சபையின் தீர்மானம். கிராம சேவகரின் கடிதம், அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவி) அல்லது முதியோர் கொடுப்பனவு கிடைப்பதற்கான சான்று, மருந்துச் செலவின் பற்றுச்சீட்டுகள் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடமும் ஒரு பிரதி கொடுங்கள், சபையில் அதை எடுத்துப் பேச வேண்டியது அவருடைய வேலை. இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாற்பது வருடம் அந்தச் சபைக்கு வரி கட்டியவர்கள்தான் கேட்கிறார்கள்.

படி 7: சபை மறுத்தால்

முடிவை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு எதிராக நீதிமன்றம் போகலாம், ஆனால் கால எல்லை குறுகியது, முடிவு வந்த அதே வாரத்தில் சட்டத்தரணியைப் பாருங்கள். பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்து கொடுப்பார்கள். போகும்போது அறிவித்தல், முத்திரை வைத்த கடிதப் பிரதி, சபையின் பதில், வரிப் பற்றுச்சீட்டுகள், வீட்டு உறுதி, அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். வீடு இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தால் அதையும் அங்கேயே சொல்லி, பெயர் மாற்றத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.