சிஜே3-லிருந்து மிட்சைஸ் ஜெட்டுக்கு மாறுவது: படிப்படியாக

சைட்டேஷன் சிஜே3 போன்ற சிறிய தனியார் ஜெட்டை விட்டு அடுத்த அளவான மிட்சைஸுக்கு (நடுத்தர அளவு) போகக் காரணம் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, 4 அடி 9 அங்குல உயரக் கேபினில் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டு, மேற்கே போகும்போது நடுவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருக்கிறது. முதல் குறையை எந்த மிட்சைஸ் விமானமும் ஓரளவு தீர்த்துவிடும். இரண்டாவதில்தான் தவறான விமானத்தை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

உதாரணத்துக்கு, நியூ ஜெர்சியின் டெட்டர்பரோவிலிருந்து பறக்கும் ஒரு நிறுவனம். அதன் முக்கியமான நீண்ட பயணம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து வான் நைஸ். பார்க்கப்போகும் விமானங்கள் மூன்று: சைட்டேஷன் லாட்டிட்யூட், எம்ப்ரேயர் பிரேட்டர் 500, பழைய விமானச் சந்தையில் ஹாக்கர் 800எக்ஸ்பி. டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி), ஐஎஃப்ஆர் ரிசர்வ் (கருவிகளை நம்பிப் பறக்கும்போது வைத்திருக்க வேண்டிய கையிருப்பு எரிபொருள்) போன்ற அடிப்படைகள் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

1. பயணப் பட்டியல்

கடந்த 24 மாதப் பறப்புப் பதிவை எடுத்து ஒரு விரிதாளில் போடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் தூரம், திசை, மாதம், பயணிகள் எண்ணிக்கை, இறங்கிய ஓடுபாதையின் நீளம், இந்த ஐந்து போதும். வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் வரும் பயணங்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். அவற்றுக்கு சார்ட்டர் (வாடகை விமானம்) எடுத்துக்கொள்ளலாம். வருடத்தில் இரண்டு முறை ஐரோப்பா போவதற்காகப் பெரிய விமானம் வாங்கினால் மீதி நாளெல்லாம் அதன் செலவைச் சுமக்க வேண்டும்.

2. தூரக் கணக்கு (இங்கே நிதானமாக இருங்கள்)

விற்பனைத் தாளில் லாட்டிட்யூடுக்கு 2,700 கடல் மைல் என்று இருக்கும். டெட்டர்பரோ–வான் நைஸ் சுமார் 2,130. தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த 2,700 என்பது நான்கு பயணிகளோடு, காற்றே இல்லாத வானில், மெதுவான நீள்தூர வேகத்தில் பறந்தால் கிடைப்பது. குளிர்காலத்தில் மேற்கே போகும்போது ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று) நேரே முகத்தில் அடிக்கும்.

கணக்கு எளிது. தரைத் தூரத்தை விமானத்தின் வேகத்தால் பெருக்கி, வேகத்திலிருந்து எதிர்க்காற்றைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வேகம் 430 நாட் (மணிக்கு 430 கடல் மைல்), எதிர்க்காற்று 70 என்றால் 2,130 × 430 ÷ 360 = 2,544 காற்று மைல், அதாவது காற்றுக்குள் விமானம் கடக்க வேண்டிய தூரம். எதிர்க்காற்று 100 ஆனால் 2,130 × 430 ÷ 330 = 2,775. லாட்டிட்யூடின் எல்லை அங்கேயே தாண்டிவிட்டது.

வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாமே என்று பலர் கேட்பார்கள். 380 நாட்டில் அதே 100 நாட் காற்றைப் போட்டுப் பாருங்கள்: 2,130 × 380 ÷ 280 = 2,891. மெதுவாகப் போனால் ஒரு மணி நேரத்துக்கு எரிபொருள் குறையும், ஆனால் காற்றுக்குள் கூடுதல் நேரம் இருக்க வேண்டும். பலத்த எதிர்க்காற்றில் சிக்கன வேகம் நினைத்த அளவுக்குக் கைகொடுக்காது.

பிரேட்டர் 500-இன் அறிவிக்கப்பட்ட தூரம் 3,340 கடல் மைல். மேலே உள்ள மோசமான நாளிலும் அது தாங்கும். லாட்டிட்யூட் பெரும்பாலான நாட்களில் தாங்கும், ஜனவரியில் சில நாட்கள் கான்சாஸ் பக்கம் இறங்கும். அந்த 'சில நாட்கள்' எத்தனை என்பதற்குத்தான் விலை வித்தியாசத்தைக் கொடுக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்கே போன பயணங்களை எண்ணிப் பார்த்தால் விடை வந்துவிடும்.

கருவிகளைப் பொறுத்தவரை, வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டும் விற்பனைப் படங்களை ஒதுக்கிவிடுங்கள். ஆரிங்க்டைரக்ட் போன்ற பறப்புத் திட்ட மென்பொருளில் வரலாற்றுக் காற்றை 85 சதவீத நம்பகத்தில் (நூறு நாளில் 85 நாள் காற்று இதைவிட மோசமாக இருக்காது) வைத்து மாதவாரியாக ஓட்டிப் பாருங்கள். அது தரும் எண்ணைத்தான் நம்பலாம்.

(பின்னால் சேர்த்தது: அறிவிக்கப்பட்ட தூரத்தில் ரிசர்வ் உண்டா என்ற கேள்வி வந்தது. உண்டு. அமெரிக்க வணிக விமானச் சங்கமான என்பிஏஏ-யின் முறையில், தொலைவில் இருக்கும் மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருள் ஒதுக்கப்பட்டிருக்கும். வான் நைஸுக்குப் பக்கத்திலேயே பர்பாங்க், ஒன்டாரியோ இருப்பதால் நல்ல வானிலையில் கொஞ்சம் கூடுதல் கையிருப்பு கிடைக்கும். ஆனால் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதைச் செலவழிக்காதீர்கள். மூடுபனி நாளுக்கு அது தேவைப்படும்.)

3. டேங்க் நிறைந்தால் எத்தனை பேர்?

லாட்டிட்யூடில் ஒன்பது பயணிகள் வரை உட்காரலாம். முழு எரிபொருள் 11,394 பவுண்டு போட்டபின் மிஞ்சும் சுமை 1,000 பவுண்டுதான். ஆளுக்கு 200, பெட்டிக்கு 30 என்று வைத்தால் நான்கு பேருக்குச் சரியாக இருக்கும். எட்டுப் பேர் வந்தால் 1,840 பவுண்டு. அப்போது 840 பவுண்டு எரிபொருளைக் குறைக்க வேண்டும், அதாவது 125 காலன், ஏறக்குறைய அரை மணி நேரப் பறப்பு. தூரத்தில் 200 மைலுக்கு மேல் போய்விடும். விற்பனைத் தாளில் இருப்பது 'வழக்கமான' விமானத்தின் எடை. கூடுதல் இருக்கை, பெரிய சமையல் பகுதி, வைஃபை எல்லாம் ஏறிய விமானத்தின் உண்மையான எடைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். சில நூறு பவுண்டு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

4. ஓடுபாதை

சிஜே3 போய்வந்த இடத்துக்கெல்லாம் புதியது போகும் என்று நினைக்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் அருகே சாண்டா மோனிகாவின் ஓடுபாதையை 2017 டிசம்பரில் 3,500 அடியாகக் குறைத்தார்கள். லாட்டிட்யூடின் புறப்பாட்டுத் தூரமே கடல் மட்டத்தில், முழு எடையில் 3,580 அடி. பிரேட்டர் 500-க்கு 4,222. எடையைக் குறைத்தால் புறப்படலாம், பிறகு எங்கே போவீர்கள் என்பதுதான் கேள்வி.

விமானத்தை சார்ட்டரிலும் விட நினைத்தால் இன்னொரு கணக்கு உண்டு. பார்ட் 135 என்ற அமெரிக்க சார்ட்டர் விதிப்படி ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் இறங்கி நிற்க முடிய வேண்டும். கையேட்டில் இறங்கும் தூரம் 2,500 அடி என்றால் 2,500 ÷ 0.6 = 4,167 அடி ஓடுபாதை வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு இந்த விதி இல்லை. ஆனால் அந்த 60 சதவீதத்தைச் சொந்தப் பயணத்திலும் கடைப்பிடிப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

மலைப் பகுதி என்றால் கொலராடோவின் ஆஸ்பென். ஓடுபாதை 8,000 அடி இருந்தும் உயரம் 7,800 அடிக்கு மேல். அங்கே ஒரு இன்ஜின் நின்றபின் ஏறும் திறன்தான் எடையைத் தீர்மானிக்கும். இரட்டை இன்ஜின் விமானத்துக்கு இரண்டாம் கட்ட ஏற்றத்தில் (சக்கரங்களை உள்ளிழுத்தபின் ஏறும் கட்டம்) சான்றிதழ் கேட்பது 2.4 சதவீதம், அதாவது கடல் மைலுக்கு 146 அடி. சாதாரண புறப்பாட்டு நடைமுறையே கடல் மைலுக்கு 200 அடி எதிர்பார்க்கிறது, ஆஸ்பென் அதைவிட அதிகம் கேட்கும். ஏபிஜி போன்ற ஓடுபாதைப் பகுப்பாய்வுச் சேவையில், ஜூலை மாத மதிய வெப்பத்தைப் போட்டு எடையைக் கேளுங்கள்.

5. ஹாங்கர் (விமானக் கொட்டகை) கதவு

இதை அளக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சிஜே3-இன் வால் உயரம் 15 அடி 2 அங்குலம். லாட்டிட்யூடுக்கு 20 அடி 11 அங்குலம், பிரேட்டர் 500-க்கு 21 அடி சொச்சம். 18 அடிக் கதவு உள்ள ஹாங்கரில் இரண்டும் நுழையாது. இறக்கை அகலமும் 53 அடியிலிருந்து 70 அடிக்கு மேல் போகிறது. கதவின் உயரத்தை நடுவில் மட்டும் அளக்காமல் இரு ஓரத்திலும், மேலே தொங்கும் விளக்கு, ஹீட்டர் வரையிலும் அளந்து பாருங்கள். இழுவைக் கம்பியும் மாறும்.

6. விமானிகள்

சிஜே3-ஐ ஒருவரே ஓட்டச் சான்றிதழ் உண்டு. மூன்று மிட்சைஸ் விமானங்களுக்கும் இரண்டு பேர் கட்டாயம். லாட்டிட்யூடுக்கு சிஇ-680ஏ என்ற தனி டைப் ரேட்டிங், சிஜே-யின் சிஇ-525 செல்லாது. விடுப்பு, நோய், வருடாந்தரப் பயிற்சி எல்லாம் பார்த்தால் மூன்று பேருக்குச் சம்பளம் போட்டுக் கணக்கிடுங்கள். இரண்டு பேரோடு ஓட்டினால், ஒருவர் பயிற்சிக்குப் போகும் வாரத்தில் விமானம் ஹாங்கரில் நிற்கும். விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டுத் தரகரிடம் விமானிகளின் மணிக் கணக்கைக் கொடுத்து நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். எரிபொருள் மணிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. மூன்றில் எது

ஹாக்கர் 800எக்ஸ்பி விலை குறைவு, கேபின் உயரம் 5 அடி 9 அங்குலம், உறுதியான உடல். ஆனால் ஹாக்கர் ஜெட் உற்பத்தி 2012-இல் உற்பத்தியாளரின் திவாலோடு நின்றது. 48 மாத ஆய்வும் டிஎஃப்இ731 இன்ஜினின் கோர் ஆய்வும் நெருங்கிய விமானத்தை வாங்கினால் விலையில் மிச்சம் பிடித்தது பட்டறைக்குப் போகும். இறக்கை விளிம்பில் கசியும் டிகேஎஸ் திரவத்தால் பனிக்கட்டியைத் தடுக்கிறது, அந்தத் திரவத்தையும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வருடத்துக்கு 200 மணி நேரத்துக்குக் குறைவாகப் பறப்பவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

மேற்குக் கரைப் பயணம் எப்போதாவதுதான் என்றால் லாட்டிட்யூட். பகிர்வு முறையில் ஜெட் விமானங்களை ஓட்டும் நெட்ஜெட்ஸ் நிறுவனம் பெரும் எண்ணிக்கையில் ஓட்டுவதால் உதிரிபாகமும் தெரிந்த மெக்கானிக்கும் எங்கும் கிடைப்பார்கள். குளிர்காலத்தில் மாதம் இரண்டு மூன்று முறை மேற்கே என்றால் பிரேட்டர் 500, தயங்க வேண்டாம்.

8. வாங்கும் முன் ஆய்வு

விமானத்தை வழக்கமாகப் பராமரித்த பட்டறையிலேயே ஆய்வு செய்யாதீர்கள். தன் வேலையின் குறையைத் தானே எழுத யாருக்கும் கை வராது. லாக் புக் முழுவதும் தொடக்கத்திலிருந்து இருக்க வேண்டும், ஒரு புத்தகம் காணாமல் போனாலும் பின்னால் விற்கும்போது விலை விழும். இரண்டு இன்ஜினிலும் போரோஸ்கோப் ஆய்வு (உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது) வேண்டும். இன்ஜின் மணிநேரத் திட்டத்தில் (பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டி இன்ஜின் பராமரிப்பைப் பெறுவது) பாக்கி இல்லை, உங்கள் பெயருக்கு மாறும் என்ற கடிதமும் வேண்டும். திட்டத்தில் சேராத இன்ஜின் என்றால், இதுவரை பறந்த மணிகளுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் கேட்பார்கள். வான்தகுதிக் குறைகளைச் சரிசெய்வது விற்பவர் செலவு என்பதும், நீங்கள் ஏற்றுக்கொள்ளும் வரை முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

9. பெயர் மாற்றம்

பணம் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஸ்க்ரோ நிறுவனம் (இரு தரப்புக்கும் நடுவே பணத்தை வைத்திருப்பது) வழியாகப் போகட்டும், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-யின் பதிவகம் அங்கேதான் இருக்கிறது. விமானத்தின் மீதான உரிமைகளைப் பற்றிய கேப் டவுன் உடன்படிக்கைப்படி சர்வதேசப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். அதற்குப் பயனர் கணக்கு திறக்கச் சில நாட்கள் ஆகும், கடைசி நாளில் தொடங்கினால் முடிக்க முடியாது. அந்தப் பதிவேட்டில் உடல் ஒரு பொருள், ஒவ்வொரு இன்ஜினும் தனித்தனிப் பொருள். ஆகவே தேடலும் மூன்று. வாலருகே போய் இன்ஜினின் தகட்டில் உள்ள வரிசை எண்ணைக் கண்ணால் பாருங்கள். பழுதுக்காகக் கழற்றிய இடத்தில் வாடகை இன்ஜின் மாட்டியிருந்தால் காகிதத்தில் உள்ள எண்ணும் தகட்டு எண்ணும் பொருந்தாது.

பழைய விமானத்தைக் கொடுத்துப் புதியதை வாங்கினால் வரியைத் தள்ளிப்போடலாம் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தின் அந்த 1031 பரிமாற்றச் சலுகை 2018 முதல் விமானங்களுக்கு இல்லை.

சிஜே3-ஐ உடனே விற்றுவிட வேண்டாம். பழுதான கருவியோடு பறக்க அனுமதிக்கும் எம்இஎல் கடிதம் விமானத்தோடு வராது, இயக்குபவர் பெயரில் எஃப்ஏஏ அலுவலகம் புதிதாகத் தர வேண்டும். அது வரும்வரை ஒரு வாசிப்பு விளக்கு எரியாவிட்டால்கூடப் புது விமானம் தரையில் நிற்கக்கூடும். கடிதம் கைக்கு வந்து, விமானிகள் பயிற்சி முடித்த பிறகு சிஜே3-ஐ விற்பனைக்கு விடுங்கள்.