அடைவுக்குள் இருப்பது என்ன? முனையத்தில் நீங்களே பார்த்தறியும் வழி

கோப்புகளை அடைவுக்குள் (ஃபோல்டர்) போட்டு வைத்திருக்கிறோம் என்று பேசுவது வழக்கம். வட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. யூனிக்ஸ் இயங்குதள மரபில் வந்த கோப்பு முறைமைகளில், அதாவது வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறைகளில், அடைவு என்பதும் ஒரு கோப்பே. பெயர்களும் அவற்றுக்கு நேரான எண்களும் கொண்ட ஒரு பட்டியலே அதன் உள்ளடக்கம். அந்த எண்ணுக்கு ஐநோடு எண் என்று பெயர். ஒவ்வொரு கோப்புக்கும் உரிய விவரக் குறிப்பே ஐநோடு. கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், நேரக்குறிப்புகள், தரவு வட்டின் எந்தெந்தத் தொகுதிகளில் கிடக்கிறது என்ற விவரம் ஆகிய அனைத்தையும் ஐநோடு வைத்திருக்கிறது. கோப்பின் பெயர் மட்டும் அதில் இடம்பெறுவதில்லை. அடைவுகளைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியை மறப்பதால் வருபவை.

எக்ஸ்ட்4 கோப்பு முறைமை உள்ள லினக்ஸ் கணினியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி எழுதியுள்ளேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்க வேண்டும். முதலில் எம்கேடிர் கட்டளையால் 'சோதனை' என்ற அடைவை உருவாக்குங்கள். பிறகு எல்எஸ் கட்டளையை எல், ஐ, டி ஆகிய மூன்று விருப்பங்களுடன் அந்த அடைவின் மீது இயக்குங்கள். தொடக்கத்தில் வருவது ஐநோடு எண். அனுமதிகளுக்கு அடுத்து வரும் 2 என்பது இணைப்பு எண்ணிக்கை, அதாவது அந்த ஐநோடைச் சுட்டும் பெயர்களின் எண்ணிக்கை. வெறும் அடைவுக்கு இரண்டு இணைப்புகள் எப்படி வந்தன? தாய் அடைவின் பட்டியலில் 'சோதனை' என்ற பெயர் ஒன்று; அடைவுக்குள்ளேயே தன்னைச் சுட்டும் ஒற்றைப் புள்ளி மற்றொன்று. உள்ளே ஒரு துணை அடைவை உருவாக்கினால், அதன் இரட்டைப் புள்ளி மேலே சுட்டுவதால் எண்ணிக்கை 3 ஆகும். (பிட்ரீஎஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமை இந்தக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை, அங்கே எப்போதும் 1 என்றே காட்டும்.)

எக்ஸ்ட்4 பட்டியலில் ஒவ்வொரு பதிவும் ஐநோடு எண்ணுக்கு 4 பைட், பதிவின் மொத்த நீளத்துக்கு 2, பெயரின் நீளத்துக்கு 1, கோப்பு வகைக்கு 1 என்று 8 பைட்டில் தொடங்கி, அதன்பின் பெயரைக் கொண்டிருக்கும். முழுப் பதிவும் 4-இன் மடங்காக நிரப்பப்படும். பழைய யூனிக்ஸில் எண்ணுக்கு 2 பைட், பெயருக்கு 14 பைட் என்று பதிவு 16 பைட்டில் முடிந்துவிட்டது. 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு பெயர்களை 255 பைட் வரை நீள விட்டது. அந்த வரம்பே இன்றும் தொடர்கிறது. வரம்பு பைட்டுகளில்தான், எழுத்துகளில் அன்று. எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால், 'சோதனை' என்ற மூன்றெழுத்துச் சொல், அதன் துணைக்குறிகளையும் சேர்த்து, 15 பைட் ஆகிறது. நீளமான தமிழ்ப் பெயர்களை ஏற்க மறுக்கும்போது இதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரு பாதையைக் கொடுத்தால், இயங்குதளத்தின் மையமான கருவகம் (கெர்னல்), எல்லா அடைவுகளுக்கும் மேலான வேர் அடைவின் ஐநோடிலிருந்து தொடங்குகிறது. எக்ஸ்ட்4-இல் அதன் எண் 2. வேர் அடைவின் மீது எல்எஸ் ஐ, டி இயக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயரைத் தேடி எண்ணைப் பெற்று, அந்த எண்ணுக்குரிய அடைவில் அடுத்த பெயரைத் தேடி, இப்படியே கடைசிப் பெயர் வரை இறங்குகிறது. கோப்பை எம்வி கட்டளையால் அதே கோப்பு முறைமைக்குள் இடம் மாற்றிப் பார்த்தால், ஐநோடு எண் மாறாமல் இருப்பதைக் காணலாம். ஒரு பட்டியலிலிருந்து பெயர் நீங்கி இன்னொன்றில் ஏறியது, தரவு அசையவே இல்லை. வேறு கோப்பு முறைமைக்கு மாற்றும்போது மட்டும் தரவு முழுவதும் நகலெடுக்கப்பட்டு, பழையது நீக்கப்படுகிறது.

நீக்குதலும் இவ்வாறே: பெயர் பட்டியலிலிருந்து அகன்று, இணைப்பு எண்ணிக்கை ஒன்று குறைகிறது. அது 0 ஆகி, எந்த நிரலும் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்காதபோதுதான் இடம் விடுபடும். பெரிய பதிவுக் கோப்பை (லாக்) அழித்தும் வட்டு நிறைந்தே இருப்பதாகப் புலம்பும் நிர்வாகிகள், அதைத் திறந்து வைத்திருக்கும் சேவையைத்தான் முதலில் தேட வேண்டும். பெயரை நீக்கும் உரிமையும் கோப்பின் அனுமதியைப் பொறுத்ததன்று. பட்டியலை மாற்றுவதால், அடைவின் மீது எழுதும் அனுமதியும் நுழையும் அனுமதியும் தேவை.

இனி 'சோதனை' அடைவுக்குள் சென்று, டச் கட்டளைக்கு நெளிவு அடைப்புக்குள் 1..5000 என்று கொடுத்து ஐயாயிரம் வெற்றுக் கோப்புகளை உருவாக்குங்கள். பதிவுக்கு 12 பைட் வீதம் அடைவின் அளவு 4096-இலிருந்து 60,000-க்கு மேல் ஏறிவிடும். இத்தனை பெயர்களையும் வரிசையாகத் துழாவாதிருக்க, எக்ஸ்ட்4 பெயரிலிருந்து கணக்கிட்டுப் பெறும் ஹாஷ் மதிப்பை வைத்து ஒரு மரம் அமைத்துக்கொள்கிறது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸும் தன் அடைவுகளுக்கு மர அமைப்பையே பயன்படுத்துகிறது. கோப்புகளை எல்லாம் அழித்த பிறகும் அடைவின் அளவு பொதுவாகக் குறையாது. நீக்கப்பட்ட பதிவின் இடம் முந்தைய பதிவின் நீளத்தில் சேர்க்கப்பட்டு, புதிய பெயர்களுக்காகக் காத்திருக்கும். அடைவைச் சுருக்க எளிய வழி, புதிய அடைவை உருவாக்கி, மிஞ்சிய கோப்புகளை அங்கு மாற்றிவிட்டுப் பழையதை நீக்குவதே.

ஒரே கோப்புக்கு இரண்டாவது பெயரை வைப்பது எல்என் கட்டளை. அதை ஃபாட்32 என்ற கோப்பு முறைமையில் வடிவமைத்த பென் டிரைவில் இயக்கினால் மறுத்துவிடும். அங்கே ஐநோடு கிடையாது; அளவு, நேரம், முதல் தொகுதியின் எண் எல்லாம் 32 பைட் நீளமுள்ள அடைவுப் பதிவிலேயே இருக்கின்றன. கோப்பை நீக்கும்போது பதிவின் முதல் பைட் மட்டும் 229 என மாற்றி எழுதப்படுகிறது. அதனால்தான் பழைய மீட்பு நிரல்கள், அழிந்த கோப்பின் பெயரை முதல் எழுத்து இல்லாமல் காட்டி, அதை நம்மையே நிரப்பச் சொல்கின்றன.